அழகுபாண்டிக்கு மந்திரம் தெரியாது

முத்துத்தாய் அக்காவின் கைக்கு ஆறு கண்ணாடி வளையல்கள். எங்கள் பள்ளியில் அவர் ஆயா. கூட்டும்போதும் பாய் உதறும்போதும் அந்த வளையல்கள் தம் பாட்டுக்குச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். மூன்றாம் வகுப்பு வாசலுக்கு நாலடி முன்னால் மட்டும் நின்றுவிடுவார். இடது கை வளையல்களை முழங்கைப் பக்கமாக, சதை இறுக்கிப் பிடிக்கும்வரை தள்ளுவார். பிறகு வலது கை. இரண்டையும் ஒருமுறை ஆட்டிப் பார்ப்பார். சத்தமில்லை என்றானதும்தான் அந்த வாசலைக் கடப்பார். பாடம் கெடக் கூடாதென்று செய்கிறார் என நினைத்துக்கொண்டேன்.

அந்த வகுப்பின் இரண்டாம் பெஞ்சில் அவர் மகள் பவதாரிணி இருந்தாள். எட்டு வயது. நாலு வயதுவரை வாயாடியாக இருந்தவள், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு பேச்சை நிறுத்திக்கொண்டாள். காது கேட்கும். எழுதுவாள், கணக்குப் போடுவாள். இரண்டு வருடத்துக்கு முன் மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். நாக்கிலும் தொண்டையிலும் குறை ஒன்றுமில்லை, பேசுகிறபோது பேசும் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். அன்றைக்கு உசிலம்பட்டி வந்து இறங்கியதும் அவள் அப்பா மலையாண்டி வீட்டுக்குக்கூடப் போகாமல் கருப்பசாமி கோவிலுக்குப் போனார். மகள் வாய் திறந்தால் கிடா வெட்டுவதாக வேண்டிக்கொண்டார். வீட்டில் நின்ற செவலை ஆட்டுக்கிடாக் குட்டி ஒன்றின் காது நுனியை நறுக்கி நேர்ந்துவிட்டார். இதெல்லாம் பள்ளியில் எல்லோருக்கும் தெரியும்.

நான் அங்கே நூலகத்தில் வேலை பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவேளை கதை நேரம். நாகமலைக்குப் பின்னால் ஒரு மாயப்பள்ளி இருப்பதாக நானே ஒன்றை வாராவாரம் இழுத்துக்கொண்டிருந்தேன். அதில் புதிதாகச் சேர்ந்த பையன் மந்திர வகுப்பு தொடங்குவதற்கு முன்பே ஒரு ஓணானோடு பேசிவிட்டான். பிள்ளைகள் சண்டைக்கு வந்தார்கள்.

"சார், கத தப்பு. மந்திரம் படிக்காம எப்பிடிப் பேசுவான்?"

"ஏன், பேசுனா என்னடா?"

தமிழ் டீச்சர் ஜெனி, "பட்டிமன்றம் வச்சிருவோம், வாங்க" என்றார். மறுவாரம் கரும்பலகையில் எழுதிப்போட்டார்கள்: மாயப்பள்ளியில் விலங்குகளோடு பேச மந்திரம் தேவையா, தேவையில்லையா? டீச்சரே நடுவர்.

ஐந்தாம் வகுப்பு ஆஷ்லின் மேடை ஏறியதும் இடுப்பில் கை வைத்தாள். "நடுவர் அவர்களே! எங்க மாமா தெனமும் மாட்டோட பேசுறாரு. அது ஒருநாளாச்சும் திரும்பிப் பாத்திருக்கா? ஆகவே மந்திரம் தேவை!"

எதிரணியில் ஒருவன் எழுந்தான். "எங்கம்மா எங்கப்பாகிட்டப் பேசுது. அவரும்தான் திரும்பிப் பாக்க மாட்டேங்குறாரு. அதுக்கும் மந்திரமா நடுவர் அவர்களே?"

கூரை பறந்தது. அந்தச் சிரிப்பு அடங்கும் முன்னால் இரண்டாம் வரிசையில் பவதாரிணி எழுந்து நின்றாள். எதற்கு நிற்கிறாள் என்று டீச்சர் பார்த்தார்.

"அழகுபாண்டிக்கு மந்திரம் தெரியாது," என்றாள். கரகரப்பில்லாத, அன்றாடம் புழங்கிய குரல். "எனக்குந் தெரியாது. நாங்க பேசுறோம்ல."

உட்கார்ந்துவிட்டாள்.

அழகுபாண்டி யார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஜெனி டீச்சர் நடுவர் நாற்காலியிலேயே அழுதார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. யாரிடமும் வலியப் போய்ப் பேசுகிறவன் இல்லை நான். அன்று வாசலுக்கு ஓடினேன். மலையாண்டி எக்ஸெல் வண்டியை நிறுத்திவிட்டு மகளுக்காகக் காத்திருந்தார்.

"அண்ணே, பவதாரிணி பேசிட்டா."

"என்ன சார் சொல்றீக?"

அவருக்குப் பின்னால் முத்துத்தாய் அக்கா ஓடி வந்து நின்றார். என்னைப் பார்த்து வேண்டாம் வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நம்ப முடியாமல் ஆட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். அதனால் இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

"உண்மைக்குந்தாண்ணே! அம்புட்டுப் பேரும் கேட்டோம். அழகுபாண்டின்னு யாரோ, அவனோடயும் பேசுவாளாம்."

"அப்பிடி எங்க தெருவுல யாரும் இல்லையே சார்," என்றவர் அப்படியே மண்ணில் குத்தவைத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். "கருப்பா," என்றார். "கருப்பா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவில். "சேதி சொன்னவுக நீங்க. நீங்க இல்லாம இலை போட மாட்டேன்," என்று வீடு தேடி வந்து அழைத்திருந்தார். நான் போனபோது வேப்பமரத்தடியில் அக்கா அவரிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்.

"வேற கிடா பிடிச்சு விடுவோம்யா. இது வேணாம்."

"காது நறுக்குனது இத. மாத்திக் குடுத்து, சாமி குடுத்த வாயத் திரும்ப எடுத்துக்கிருச்சுன்னா என்னடி செய்வ?" அவர் அதட்டவில்லை.

கிடாவின் மேல் தண்ணீர் ஊற்றினால் அது உடம்பை உதற வேண்டும். உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டதாக அர்த்தம். மூன்று குடம் ஊற்றியும் அது நின்றுகொண்டே இருந்தது. கூட்டத்தைத் துழாவிப் பவதாரிணியைக் கண்டதும் கத்தியது. அழகுபாண்டி யாரென்று அப்போது எனக்குப் புரிந்தது.

"ஏப்பா, குளிரு விட்டுப்போன கிடாவா இருக்கும்போல."

"பிள்ளைய விட்டுக் கேக்கச் சொல்லுங்கப்பா. அதான் பேச ஆரம்பிச்சிருச்சுல்ல?"

சிரித்துக்கொண்டே அவளை முன்னால் தள்ளினார்கள். அவள் குனிந்து அந்த நறுக்கிய காதில் வாயை வைத்தாள். உதடுகள் அசைந்தன. கிடா தலையிலிருந்து வால்வரை உதறியது. காதில் மூச்சுப் பட்டால் எந்த ஆடும் உதறும். குலவைச் சத்தத்தில் அவள் என்ன சொன்னாள் என்று யாருக்கும் கேட்கவில்லை.

முதல் பந்தியில் முதல் இலை எனக்கு. மலையாண்டி தன் கையால் பரிமாறினார். அவள் எதிரே தூணோரம் நின்று என் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வைத்ததையெல்லாம் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை பவதாரிணி பள்ளிக்கு வந்தாள். பேசவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் பேசவில்லை. முன்பெல்லாம் எழுதியாவது காட்டுவாள், இப்போது பலகையைக் கொடுத்தால் மடியில் கவிழ்த்து வைத்துக்கொள்கிறாள். நேர்த்தியில் என்ன குறை வைத்தோம் என்று மலையாண்டி கோவில் கோவிலாகக் கேட்டு அலைகிறார். போன வாரம் டி. கல்லுப்பட்டிப் பக்கம் யாரோ குறி சொல்கிறார்கள் என்று போனாராம். மாயப்பள்ளிக் கதையை நான் நிறுத்திவிட்டேன். அந்த ஓணான் என்ன ஆயிற்று என்று ஆஷ்லின் ஒருமுறை கேட்டாள்.

ஜூலையில் ஒருநாள்தான் கவனித்தேன். பவதாரிணி இப்போது நாலாம் வகுப்பு. அந்த வாசலை முத்துத்தாய் அக்கா வளையல் குலுங்கக் குலுங்கக் கடந்து போனார்.

"அக்கா, இப்பல்லாம் வளையல ஒதுக்குறதில்லையா?"

விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தார். "இனி ஒதுக்கி என்னத்தக் கேக்க, தம்பி?"

பிறகுதான் சொன்னார். ஒன்றரை வருடமாகச் சாயங்காலம் தோறும் வளையலை ஏற்றிவிட்டு ஆட்டுக் கொட்டத்தின் தகரத்துக்குப் பின்னால் நின்றிருக்கிறார். உள்ளே பவதாரிணி கிடாவிடம் பேசிக்கொண்டிருப்பாளாம். வகுப்பில் யார் அடி வாங்கினார்கள், மதியம் என்ன குழம்பு, எல்லாம். அந்தப் பழக்கத்தில்தான், இங்கேயும் ஒரு வார்த்தை காதில் விழாதா என்று, மூன்றாம் வகுப்பு வாசலிலும் கை தானாக வளையலுக்குப் போயிருக்கிறது.

"ஒங்க கதையக்கூட வாரம் தவறாம அதுட்டச் சொல்லிரும். நான் யாருட்டயும் மூச்சு விடல தம்பி. அவருட்டக்கூட. சொன்னா வாய் தொறந்துருச்சுன்னு கிடாய வெட்டிருவாரு. அதுவும் போச்சுன்னா எம்பிள்ள யாருட்டப் பேசும்?"