காதர் பாய் அளந்த பயம்

செய்தி வந்தபோது நான் தறிகளுக்கு நடுவில் நின்றிருந்தேன். எங்கள் பேண்டேஜ் துணி யூனிட்டில் தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. சட்டைப்பையில் போன் அதிர்ந்ததும் வெளியே வந்து எடுத்தேன். பிசியோதெரபிஸ்ட் சாந்தி அம்மா பேசினார். "காதர் பாய் போயிட்டாரு. கடையில உக்காந்தமேனிக்கே" என்று மட்டும் சொன்னார். 

எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். வந்தது பயம். இனி ஞாயிற்றுக்கிழமை குதிரையின் தலைக்கயிற்றை யார் பிடிப்பது, என் மகள் மலர் யாரை நம்பி ஏறுவாள் என்ற பயம். அதற்கும் அடியில் இன்னொரு பயம் இருந்தது. அது இரண்டு வருஷமாக இருக்கிறது. அதைச் சொல்லாமல் பாயைப் பற்றி நான் எதை எழுதினாலும் அது பொய்யாகிவிடும்.

தோப்பில் கூடும் நம் எல்லாருக்கும் பாயைத் தெரியும். தெரியாதவர் கையில் இந்தத் தாள் கிடைத்தால் அவருக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோவிலுக்குப் போகிற வழியில் ஒரு மாந்தோப்பில், ஞாயிறு காலைகளில், கை கால் சொன்னபடி கேட்காத பிள்ளைகளைக் குதிரை மேல் உட்காரவைத்து மெதுவாக நடத்துகிறோம். குதிரையின் நடை பிள்ளையின் இடுப்பையும் முதுகையும் அசைக்கும். நாளாக ஆக உடம்பு நிமிர்ந்து உட்காரப் பழகும் என்பது சாந்தி அம்மாவின் நம்பிக்கை. மலர் விஷயத்தில் அதை நான் கண்ணால் பார்த்தேன். ஒருவர் முன்னால் கயிறு பிடிப்பார். இரண்டு பேர் பிள்ளையின் காலை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடப்போம். எல்லாரும் சம்பளம் இல்லாமல் வருகிறவர்கள். குதிரை ஒன்றே ஒன்று. பெயர் பவுனு. மாப்பிள்ளை ஊர்வலங்களில் நடந்து நடந்து வயதான பெட்டைக் குதிரை.

காதர் பாய்க்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பொரிகடலைக் கடை. வெளியூர்க்காரன் பால்கோவா வாங்க வருவான், பொரி வாங்க வருகிறவன்தான் உள்ளூர்க்காரன் என்பார். பவுனுவுக்குக் கொள்ளு கொண்டுவந்து போட வந்தவர் அவர். ஒரு ஞாயிறு கயிறு பிடிக்கிறவர் வரவில்லை. பிள்ளைகள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். "செத்த நேரம் பிடிங்க பாய்" என்று சாந்தி அம்மா கயிற்றை நீட்டினார். அந்தச் செத்த நேரம் ஆறு வருஷம் நீண்டது.

வந்த வேகத்தில் ஒரு வழக்கத்தையும் கொண்டுவந்தார். பிள்ளையைத் தொடும் முன் எங்களை வரிசையாக நிற்கவைத்து, "பயம் எம்புட்டு?" என்று கேட்பார். பொரி அளக்கிற ஆளுக்கு எல்லாமே படிக்கணக்குதான். கைப்பிடி, அரைப்படி, ஒரு படி என்று நாங்களும் சொல்லப் பழகினோம். ஒரு படிக்கு மேல் சொன்னவரோடு இன்னொரு ஆளைச் சேர்த்து நடக்கவிடுவார். மற்றபடி எவ்வளவு சொன்னாலும் அவர் பதில் ஒன்றுதான்: "அப்பன்னா பிடி." பயமே இல்லை என்கிறவருக்கு மட்டும் அன்று வேலை கிடையாது. ஒருவர் மீசையைத் தடவிக்கொண்டு, குதிரைக்கெல்லாம் பயப்படுகிற ஆளா நான் என்று வந்தார். "அப்பன்னா போயி உக்காருங்க" என்றார் பாய். காலை முழுவதும் அவருக்கு வாளி கழுவுகிற வேலைதான். மறு வாரம் கால்படி என்று ஒப்புக்கொண்டு சேர்ந்துகொண்டார்.

உங்களுக்கு எம்புட்டு பாய் என்று நாங்கள் திருப்பிக் கேட்போம். ஒவ்வொரு வாரமும் "ரெண்டு படி" என்பார். நாங்கள் சிரிப்போம். எங்களைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார் என்றே நான் நினைத்திருந்தேன்.

பவுனுவுக்கும் ஒரு பயம் உண்டு. பட்டாசுக்கும் பேண்டு வாத்தியத்துக்கும் காதைக்கூட அசைக்காது. அதற்கு ஆகாதது வெள்ளைத் துணி. ஏதோ ஓர் ஊர்வலத்தில், கொடியில் காயப்போட்டிருந்த பேண்டேஜ் துணி காற்றில் பறந்து வந்து அதன் முகத்தை மூடிவிட்டதாம். தெருவுக்குத் தெரு பேண்டேஜ் துணி நெய்கிற எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு குதிரை வேறு எதற்குப் பயப்படும்? அதனால் தோப்புக்கு யாரும் வெள்ளை உடுத்தி வருவதில்லை. பாய் தன் தொப்பியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்து, பொத்தானையும் போட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைவார். இது நம் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன், ஆடிக் காற்று அடித்த அந்த ஞாயிற்றுக்கிழமையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்கு முந்தின வாரம் மலர் குதிரை மேல் ஒரு பக்கமாகச் சரிந்தாள். நான் தாங்கிப் பிடித்துவிட்டேன். ஆனால் அந்த வாரம் முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அவள் விழுந்துகொண்டே இருந்தாள். பாய் கேட்டபோது என்னிடம் மூன்று படி இருந்தது. சொன்னால், சேர்த்து நடக்க ஆள் இல்லையென்று மலரை அன்று ஏற்றாமல் விட்டுவிடுவார்களோ என்று, "ஒரு கைப்பிடி பாய்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "கைப்பிடிதானா தம்பி?" என்று இரண்டாம் முறை கேட்டார். அவர் யாரையும் இரண்டாம் முறை கேட்டதில்லை. நான் தலையை ஆட்டினேன்.

அவருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. காலையில் வீட்டிலேயே மலரின் இடுப்பில், சட்டைக்குள், எங்கள் யூனிட் பேண்டேஜ் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தேன். அவள் சரிந்தால் பிடித்து இழுக்க ஒரு முனையை நீளமாக விட்டு உள்ளே செருகியிருந்தேன். என் வீட்டில் கையை நீட்டினால் கிடைக்கிற துணி அதுதான். சட்டைக்குள் இருப்பதைக் குதிரை எங்கே பார்க்கப்போகிறது என்று என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாவது சுற்றில் முடிச்சு நழுவியது. மலையிலிருந்து இறங்கிய காற்று அந்த முனையை வெளியே இழுத்துப் பவுனுவின் விலாவில் படபடவென்று அடித்தது. குதிரை துள்ளியது. எனக்குக் கை கால் ஓடவில்லை. எதிர்ப்பக்கம் நடந்த சாந்தி அம்மாதான் மலரை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு மண்ணில் விழுந்தார். பாய் கயிற்றை விடவில்லை. விட்டிருந்தால் குதிரை அவர்கள் மேலேயே ஏறியிருக்கும். எதிர்த்து இழுத்துக்கொண்டே மாமரம் வரைக்கும் அவரும் இழுபட்டுப் போனார். பவுனு நின்றபோது அதன் குளம்பு அவருடைய இடது கால் மேல் இருந்தது.

மலருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவளைத் தூக்கும்போது அவிழ்ந்து கிடந்த துணியை உருவிச் சுருட்டி என் பைக்குள் திணித்தேன். அந்தப் புழுதியில் யாரும் பார்க்கவில்லை. தலையைத் தூக்கினால் பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று எல்லாரும் ஓடிவந்தார்கள்.  பாய் தரையில் கிடந்தபடியே, "பாம்பு கீம்பு பாத்துருக்கும்" என்றார்.

ஆட்டோவில் நான்தான் அவரை அழைத்துப்போனேன். இரண்டு கால்விரல் முறிந்திருந்தது. கட்டுப் போட்டு முடித்த பிறகு அவர் தன் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்க துணி நல்ல துணிதான் தம்பி. கட்டுற எடத்துல கட்டணும்" என்றார். அவராக அதைப் பற்றிப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைத் தின்றது. பாய்க்குக் கை தளர்ந்துவிட்டது, வயதான ஆளிடம் பிள்ளையைக் கொடுக்கலாமா என்று தோப்பில் பேச்சு வந்தது. உங்களில் சிலர் என்னிடமே சொன்னீர்கள். நானும் உம் கொட்டினேன். தேவதானத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்த குடும்பம் வருவதை நிறுத்திக்கொண்டது. அவர்கள் பிள்ளைக்கு அப்போதுதான் கழுத்து நிற்கத் தொடங்கியிருந்தது. பாய் விந்தி விந்தி நடந்து கயிறு பிடித்தார். அந்தப் பேச்சு அவர் காதுக்கும் போயிருக்கும். என் மகளை நிறுத்திவிடுவார்களே என்ற பயத்தில் நான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு நாள் தாங்கமுடியாமல் அவர் கடைக்குப் போனேன். பாய், எல்லார்கிட்டயும் சொல்லிடப்போறேன் என்று ஆரம்பித்தேன். நாளைக்கா என்று கேட்டார். கொஞ்சம் மனசு தைரியப்படட்டும் என்றேன். பொரியை அளந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "நீங்களா சொல்லுத அன்னைக்குச் சொல்லுங்க, நான் முந்திக்க மாட்டேன். ஆனா பயம் போன பொறவு சொல்லலாம்னு மட்டும் இருந்துராதிய. அது போகாது." அப்படிச் சொல்லிவிட்டு மலருக்கு என்று ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அதற்கு மேல் ஒரு வருஷமும் ஓடிவிட்டது.

சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு அவரை அடக்கம் செய்தார்கள். மையவாடியில் ஆளுக்கு மூன்று கைப்பிடி மண் போட்டோம். கைப்பிடி என்று மனதுக்குள் எண்ணும்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவருடைய தம்பி என் தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். குதிரைக்காரங்க எல்லாரும் வந்தது அண்ணனுக்குச் சந்தோஷமா இருக்கும் என்றார். பிறகு அவராகவே சொன்னார். "அண்ணனுக்கு சனிக்கிழமை மத்தியானமே சோறு எறங்காது. குதிரைன்னா அம்புட்டுப் பயம். கல்யாணத்துக்கே குதிரை வேண்டாம்னு நடந்து வந்த மாப்பிள்ளைல்லா அவிய."

 ஆறு வருஷம், ஒவ்வொரு ஞாயிறும், ரெண்டு படி என்று அந்த மனிதர் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார். நாங்கள் சிரித்திருக்கிறோம். எங்கள் வரிசையில் யாரையும்விட அதிகமாகப் பயந்தவர்தான் முன்னால் நின்று கயிற்றைப் பிடித்திருந்தார்.

மூன்று வாரமாகப் பவுனு சும்மா நிற்கிறது. கயிறு பிடிக்க ஆள் இல்லையென்றால் அதை அனுப்பிவிட வேண்டியதுதான் என்கிறார் சாந்தி அம்மா. மலர் மறுபடியும் சுவரில் சாய்ந்து உட்காரத் தொடங்கிவிட்டாள். நீங்க பிடிங்களேன் என்று சாந்தி அம்மா என்னைக் கேட்டார். அவருக்கு நடந்தது தெரியாது. இதைப் படிக்கும்போதுதான் தெரியும். தேவதானத்துக்கு மட்டும் நேற்று நேரில் போய்ச் சொன்னேன். அந்தப் பிள்ளையின் அப்பா என்னைத் திட்டவில்லை. "அவர ரெண்டு வருசமா கொற சொல்லிட்டோமேய்யா" என்றார். திட்டியிருக்கலாம்.

நாளை ஞாயிறு. ஏழு மணிக்கு இந்தத் தாளோடு வருவேன். அன்று பவுனு துள்ளியது பாயின் கை தளர்ந்ததால் அல்ல, நான் கட்டிய துணியால். சொன்ன பிறகும் பயம் குறையவில்லை. இதைப் படித்த பிறகு கயிற்றை என் கையில் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். பாயிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது அவருடைய கேள்வியை மட்டும்தான். அதற்கு இனி அளவு குறைத்துச் சொல்ல மாட்டேன்.

சற்று முன் மலரிடம் சொன்னேன். பாய்தான் இல்லையே, எல்லாரும் ஒத்துக்கொண்டால் நாளைக்கு அப்பாதான் முன்னால் நடப்பேன் என்று. அவளுக்கு ஒரு சொல் வாயில் கூடிவர நேரமாகும். நான் காத்திருந்தேன்.

"எம்புட்டு?" என்று கேட்டாள்.

"மூணு படி மலரு" என்றேன்.

அவள் சுவரை விட்டு முதுகை நிமிர்த்த முயன்றாள். தலை ஆடியது. உதடு இரண்டு முறை கூடிப் பிரிந்தது.

"அப்பன்னா பிடி" என்றாள்.