பொற்கொடியக்கா சொல்லாமல் விட்ட ஜெபக்குறிப்பு

எங்கள் சபைப் பெண்களின் வெள்ளிக்கிழமை ஜெபத்தைப் பதினான்கு வருடம் நடத்தியவர் பொற்கொடியக்கா. வெள்ளகோவில் பக்கம் ஒரு தோட்டத்தில் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்து, கல்யாணமாகிச் சிங்காநல்லூருக்கு வந்தவர். பம்ப்செட் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் வேலை. வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு, அந்த வாரம் யார் வீட்டில் கூட்டமோ அங்கே போய்விடுவார். யாருக்குக் கர்ப்பப்பையில் கட்டி, யார் மகனுக்கு வேலை இல்லை, யார் வீட்டுக்காரர் குடியை விட்டார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பேர் சொல்லி, தலையில் கைவைத்து, கண்ணீரோடு ஜெபிப்பார். கஷ்டம் வந்தால் போதகருக்கு முன்னால் அவர்தான் எங்கள் நினைவுக்கு வருவார்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. இரண்டு வெள்ளிக்கிழமை கூட்டம் இல்லை. அக்கா தன் பட்டன் போனில் ஒவ்வொருவரையாக அழைத்து ஜெபித்தார். ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேர், தொண்டை கட்டிப்போகும். ஆனாலும் அதில் அவருக்கு ஒரு நிறைவு இருந்தது.

மூன்றாவது வாரம், எங்கள் கூட்டத்துக்கு வரும் தெய்வாத்தாளின் மருமகள் இளவேனில் அழைத்தாள். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. கல்யாணமாகி எங்கள் சபைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

“அக்கா, எங்க ஆபீஸ் மீட்டிங் மாதிரி எல்லார்த்தையும் ஒண்ணாப் பேச வைக்கலாமுங்க. பட்டன் போன் வெச்சிருக்கறவங்களையும் சேத்திக்கலாம். ஏழு மணிக்கு நானே கூப்பிடறேனுங்க.”

“நல்லது கண்ணு” என்றார் அக்கா. போனை வைத்த பிறகு, இது தனக்குத் தோன்றவில்லையே என்று முதல்முறை சுருக்கென்றது.

இளவேனில் மேஜையில் இரண்டு போன்களை வைத்துக்கொண்டாள். ஒன்றில் பெரிய போன்காரர்கள். இன்னொன்றில் பட்டன் போன்காரர்கள். இரண்டிலும் ஸ்பீக்கரைப் போட்டு எதிரெதிரே வைத்தாள். பல நாள் கழித்து ஒருத்தர் குரலை ஒருத்தர் கேட்டதும் பெண்கள் அழுதுவிட்டார்கள். அக்கா வழக்கம்போல் குரலை உயர்த்தி ஜெபிக்க ஆரம்பித்தார். எதிரொலி அடித்தது. “அக்கா, கொஞ்சம் மெதுவாங்க, ஒண்ணுமே புரியல” என்றாள் இளவேனில். அக்கா பாதியில் நிறுத்திக்கொண்டார். மிச்சத்தை இளவேனில் முடித்தாள். ஐந்தே நிமிடம், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல ஒரு ஜெபம்.

“மனசு லேசாயிருச்சு சாமி” என்று, ஆரம்பம் முதல் கூட்டத்துக்கு வரும் ராமாத்தாள் சொன்னது அக்காவின் காதில் விழுந்தது. பதினான்கு வருடத்தில் தன்னிடம் அவள் அப்படிச் சொன்னதுண்டா என்று யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

மாதங்கள் போயின. இன்னாருக்காக ஜெபியுங்கள் என்று சொல்லும் ஜெபக்குறிப்புகள் இளவேனிலுக்கே போக ஆரம்பித்தன. அவள் பேர்களை வரிசையாகப் படிப்பாள். யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால், பக்கத்துத் தெருவில் இருப்பவரிடம் சொல்லிச் சாப்பாட்டை வாசலில் வைக்க ஏற்பாடு செய்வாள். அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, யார் அவளைப் புகழ்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டிருப்பார். ஜெபத்தில் மனம் நிற்காது.

ஒருநாள் ராமாத்தாளிடம் சொல்லியே விட்டார். “அந்தப் புள்ளைக்குப் பைபிள் வசனமே தெரியாது. செல்போனப் பாத்துத்தான் படிக்குது.”

ராமாத்தாள் சிரித்தாள். “எப்படிப் படிச்சா என்னங்கக்கா, எனக்கு நல்லாப் புரியுதுங்க.”

அன்று ராத்திரி அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. “சபைல ஜெபம் நிக்காம நடக்குது. யாரு நடத்துனா என்ன அம்மணி?” என்றார் கணவர் கதிரேசன். “உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்க” என்று தட்டை நகர்த்தினார் அக்கா.

2021 மே மாதம் கோயமுத்தூரில் தினமும் சாவுச் செய்தி. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ராமாத்தாள் அக்காவுக்குப் போன் செய்தாள். அவள் வீட்டுக்காரர் மாசாணத்துக்கு மூச்சுத் திணறல். ஆம்புலன்சில் வெகுநேரம் காத்துக் கிடந்த பிறகுதான் படுக்கை கிடைத்ததாம். அவளுக்கும் காய்ச்சல், வீட்டில் தனியாக இருந்தாள். நாலு வார்த்தைக்கு ஒருதரம் இருமினாள்.

“எனக்குப் பேச முடியலீங்க. நாளைக்கு ஜெபத்துல எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போடுங்கக்கா.”

“சொல்லிப்போடறேன் கண்ணு. நீ பயப்படாத.”

வெள்ளிக்கிழமை ஏழு மணி. “யாருக்காச்சும் ஜெபக்குறிப்பு இருக்குங்களா?” என்று இளவேனில் கேட்டாள். அக்கா வாயைத் திறந்தார். சொன்னால் அந்தப் பெண்தான் ஜெபிப்பாள். மாசாணம் பிழைத்தால் அவள் ஜெபத்தால் பிழைத்தார் என்பார்கள். எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒருத்தி என்னிடம் வந்து சொல்லியிருக்கிறாள். இது ஒன்றாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டார். போனை வைத்துவிட்டு ஒரு மணி நேரம் முழங்காலில் நின்று மாசாணத்துக்காக ஜெபித்தார். அந்த ஜெபம் பொய்யில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் அப்படியேதான் நடந்தது. இடையில் இரண்டு தரம் ராமாத்தாளை அழைத்து, “சாப்பிட்டயா?” என்று கேட்டார். “சாப்பிட்டனுங்க” என்றாள் அவள்.

பன்னிரண்டாம் நாள் மாசாணம் பாதி ஆளாக வீடு திரும்பினார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே அழைத்தார். “பாத்தயா கண்ணு, கர்த்தர் என்னோட ஜெபத்தக் கேட்டுட்டாரு!”

ராமாத்தாள் கேட்டாள். “நீங்க ஜெபத்துல சொன்னீங்களாக்கா?”

“சொன்னேன்” என்றார் அக்கா. யோசிக்குமுன் வாயில் வந்துவிட்டது.

“உங்களத் தவிர ஒருத்தருகூட என்னாச்சுன்னு கேக்கலீங்க. யாரு யாருக்கோ வாசல்ல சோறு வெச்சாங்க, எனக்கு ஒரு வா கஞ்சி தர ஆளில்ல. காய்ச்சலோட எந்திரிச்சு அடுப்புப் பத்த வைக்க முடியாம மூணு நாள் பன்னும் தண்ணியும்தானுங்க. சரிங்க, எல்லார்த்துக்கும் அவங்கவங்க பாடு” என்று போனை வைத்துவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை இளவேனில் எல்லோரிடமும் கேட்டாள். “ராமாத்தாளக்கா மூணு வாரமா வரலீங்களே. ஜெபத்துக்கு நான் கூப்பிட்டாலும் எடுக்கறதில்ல. யாருக்காச்சும் தெரியுங்களா?”

அக்கா தொண்டையைச் சரிசெய்துகொண்டார். “அவ ஊட்டுக்காரருக்குக் கொரோனா வந்து இப்பத்தான் பொழச்சாரு. அவளுக்கும் இருந்துச்சு. எல்லார்த்துகிட்டயும் சொல்லச் சொன்னா. நான் சொல்லல.”

“மறந்துட்டீங்களாக்கா?” என்றாள் இளவேனில்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கேள்வியே அதற்கு வழிவிட்டுத்தான் வந்தது. “மறக்கல அம்மணி. உன்ற மேல பொறாமை. நீ ஜெபிக்கக் கூடாதுன்னுதான் சொல்லல. சொன்னேன்னு அவகிட்டப் பொய்யும் சொல்லிப்போட்டேன்.”

தெய்வாத்தாள் வெடித்தாள். “ஏனுங்கக்கா, நீங்க செய்யற வேலைங்களா இது? அந்த ஆளு செத்திருந்தா?” இளவேனில் மாமியாரை அடக்கினாள். “மொதல்ல ராமாத்தாளக்கா ஊட்டுக்குச் சோறு போகட்டுமுங்க. மத்ததப் பொறகு பேசிக்கலாம்” என்றாள். அந்த நேரத்திலும், எனக்குமுன் இவளுக்கு இது தோன்றிவிட்டதே என்று அக்காவுக்கு நெஞ்சு எரிந்ததாம். பிறகு அக்காவே என்னிடம் சொன்னது இது.

மறுநாள் மாஸ்க் போட்டுக்கொண்டு அக்கா ராமாத்தாள் வீட்டுக்குப் போனார். ராமாத்தாள் கதவைத் திறக்கவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் நின்றபடி அக்கா சொன்னதை முழுவதும் கேட்டாள்.

“பசிச்சதுகூடப் பெருசில்லீங்க. யாருக்கும் நான் வேண்டாம்னு நெனச்சுப்போட்டேன். அவரு ஆஸ்பத்திரில, நான் இங்க தனியா அப்படி நெனச்சுட்டுக் கெடந்தேன். நீங்க போயிட்டு வாங்க” என்றாள்.

இளவேனில் பேசிப் பேசித்தான் ஒரு மாதம் கழித்து ராமாத்தாள் மறுபடி ஜெபத்தில் சேர்ந்தாள். மாசாணம் அக்காவைச் சாலையில் பார்த்தால் நின்று நலம் விசாரிப்பார். ராமாத்தாள் “ஸ்தோத்திரமுங்க” என்பாள், அவ்வளவுதான். தன் கஷ்டம் எதையும் அக்காவிடம் சொல்வதில்லை.

கட்டுப்பாடு நீங்கியதும் வீட்டுக் கூட்டங்கள் திரும்பின. அக்கா நடத்த மறுத்துவிட்டார். பெண்கள் முறை வைத்து நடத்தினார்கள். தன் முறை வரும்போது மட்டும் அக்காவும் ஜெபித்தார். வெளியே வர முடியாத வயதானவர்களுக்காகப் போன் ஜெபத்தையும் விடவில்லை.

போன வருடம் இளவேனிலின் கணவருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்து இருவரும் கிளம்பினார்கள். செய்தி கேட்டதும் அக்காவுக்கு அப்பாடா என்று இருந்தது. அதற்காக வெட்கப்பட்டு, வழியனுப்பப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அடுத்த வெள்ளிக்கிழமை சரியாக ஏழு மணிக்குப் போன் அடித்தது.

“அக்கா, இளவேனில் பேசறேனுங்க. எல்லாரும் வந்துட்டாங்க, நீங்கதான் பாக்கி.”

“பெங்களூரு போயும் இவ உடமாட்டீங்கறா” என்று அக்கா கதிரேசனைப் பார்த்து உதட்டைச் சுழித்தார். பிறகு போனைக் காதில் வைத்து, “வாரேன் கண்ணு” என்றார்.