ஒரே ஒரு ஆபரேஷன் செய்யும் ஆஸ்பத்திரியும் ஓடிவந்த என் வீட்டுக்காரரும்

அறுபதுகளில் என் வீட்டுக்காரருக்குத் தாராவியில் ஒரு தோல் கிடங்கில் சுமை தூக்கும் வேலை. உப்புப் போட்ட தோல்களைக் கட்டுக் கட்டாக முதுகில் ஏற்றி லாரிக்கும் கிடங்குக்கும் நடக்க வேண்டும். அதில் அவருக்குக் குடல் இறங்கிவிட்டது. அடிவயிற்றில் ஒரு பக்கம் கோழிமுட்டை அளவுக்குப் புடைக்கும். கையால் அமுக்கி உள்ளே தள்ளிவிட்டு, துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுத்த கட்டைத் தூக்கப் போய்விடுவார். கேட்டால் பீடிப் புகையோடு இருமிக்கொண்டே வாயு என்பார். உலகத்தில் உள்ள எல்லா நோய்க்கும் அந்த மனிதர் வைத்திருந்த ஒரே பெயர் வாயு.

ஏற்கெனவே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அங்கே காலையில் ஒருத்தர் காலை வெட்டிய டாக்டரே மத்தியானம் கட்டியை அறுப்பார், சாயங்காலம் குடலைத் தைப்பார். யாரையும் குறை சொல்லவில்லை, கூட்டம் அப்படி. எட்டே மாதத்தில் புடைப்பு அதே இடத்துக்குத் திரும்பி வந்தது. ஒரு நாள் எவ்வளவு அமுக்கியும் உள்ளே போகவில்லை. வாந்தி எடுத்துக்கொண்டு தரையில் சுருண்டு கிடந்தவரைப் பக்கத்து வீட்டார் உதவியோடு டாக்சியில் போட்டு மாட்டுங்காவுக்குக் கொண்டுபோனேன்.

அங்கே ஒரு சின்ன மாடிக் கட்டிடத்தில் குடலிறக்கத்துக்கு மட்டும் வைத்தியம் பார்த்தார்கள். காய்ச்சல் என்று போனால் வேறு இடம் சொல்வார்கள். இதென்ன ஆஸ்பத்திரி, ஒரே ஒரு பலகாரம் போடும் ஓட்டல் மாதிரி என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. டாக்டர் மாட்டுங்காத் தமிழர். என் வீட்டுக்காரரைப் படுக்கவைத்து, காலை உயர்த்தி, பேசிக்கொண்டே மெல்ல மெல்ல அமுக்கிப் புடைப்பை உள்ளே அனுப்பினார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அடுத்த தடவை இது உள்ளே போகாம நின்னுடுத்துன்னா ஆளைக் காப்பாத்தறது கஷ்டம்மா."

"அப்போ இப்பவே அறுத்துருங்க" என்றேன்.

"மாட்டேன். இந்த இருமலோட தைச்சா தையல் பிச்சுக்கும். பீடியை விட்டுட்டு ஆறு வாரம் கழிச்சு வரச் சொல்லுங்கோ."

சாவு வாசலில் நிற்கிறது என்கிறார், ஆறு வாரம் கழித்து வா என்றும் சொல்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் மேஜையைக் கவிழ்த்திருப்பேன். கவிழ்க்காமல் வீட்டுக்கு வந்து போலீஸ் வேலை பார்த்தேன். அரிசிப் பானையில் பீடி. கூரைத் தகரத்தின் இடுக்கில் பீடி. நோயாளியைப் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் பழத்துக்குப் பதில் பீடிக்கட்டு கொண்டுவந்தார்கள். பாவமாம், ஆசைப்படுகிறாராம். கட்டோடு அவர்களையும் வெளியே தள்ளினேன். கிடங்குப் பக்கமே போகவிடவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் அவர் வயிற்றைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வரும். ஆறாவது வாரம் இருமல் நின்றது.

சேர்த்துக்கொண்டார்கள். கூட யாரும் தங்கக் கூடாது, வீட்டுச் சோறு கூடாது. கட்டிலுக்கும் சோறு வராது. படியிறங்கிப் போய், முந்தின நாள் ஆபரேஷன் ஆனவர்களோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தைத்த வயிற்றோடு படியிறங்கச் சொல்கிற பாவிகள் என்று திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை ஆபரேஷன். நான் கிளம்பலாம் என்று குழாயில் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி அங்கியைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் பக்கத்துக் கட்டில்காரரின் லுங்கியைச் சுற்றிக்கொண்டு, என் வீட்டுக்காரர் சந்துக்குள் நடந்து வருகிறார். குழாயடியே வாயைப் பிளந்தது.

"என்ன, ஓடியா வந்திய?"

"ஏளா, அரைஞாணை எடுக்கணுங்காவ" என்றார். முகத்தில் ரத்தமே இல்லை. "அது செத்தவனுக்குல்லா அறுப்பாவ. எங்கய்யாவுக்கு நாந்தான் அறுத்தேன். இந்தக் கைதான்."

எங்கள் பக்கத்தில் ஆம்பளைக்குப் பிறந்ததிலிருந்து இடுப்பில் கறுப்புக் கயிறு இருக்கும். உயிரோடு இருக்கிறவன் உடம்பு ஒரு நிமிஷம்கூடக் கயிறில்லாமல் இருக்கக் கூடாது. எனக்கும் அது தெரியும். தெரிந்தும் கத்தினேன். "ஆறு வாரமா நான் காவல் காத்தது இதுக்கா? கயிறு கிடந்தா மட்டும் குடலு உள்ளயே இருக்குமோ?" அவர் அங்கிக்கு மேலேயே கயிற்றை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டார். லாரியையே தள்ளக்கூடிய ஆள் அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை. குடத்தை அங்கேயே போட்டுவிட்டு, அந்தக் கையைப் பிடித்து மாட்டுங்கா வரைக்கும் இழுத்துக்கொண்டு போனேன்.

வாசலில் திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். மராத்திக்கார நர்ஸ் ஒருத்தி படியில் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து கையைக் காட்டினாள். அதில் மருந்துத் தண்ணீரில் நனைத்த புதுக் கறுப்புக் கயிறு.

"இதை எடுக்கத்தான் திரும்பினேன், ஆளே காணோம்" என்றாள், இந்தியும் தமிழும் கலந்து. "பெஹலே, முதல்லே, புதுசு நெஞ்சிலே கட்டும். பாத்மே, அப்புறம், பழசு எடுக்கும். உங்க ஊர் ஆளுங்க எல்லாருக்கும் அப்படித்தான். காலியா விட மாட்டோம்."

அவள் மேஜை இழுப்பறை நிறைய அந்தக் கயிறு இருந்தது. எத்தனை இடுப்பைப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும்! காய்ச்சலும் பல்வலியும் பார்க்கும் இடத்தில் யாருக்கு இதற்கெல்லாம் நேரம்? ஒரு நிமிஷம் பொறுக்காமல் ஓடிவந்த மனிதரை அங்கேயே நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது. நர்ஸ் கயிற்றை என்னிடம் கொடுத்து, நீயே கட்டு என்றாள். கட்டினேன். பழையதை எடுத்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார், ஆனால் எழுந்து ஓடவில்லை.

அவர் ஆபரேஷனை அன்றைக்குக் கடைசியாக மாற்றி வைத்திருந்தார்கள். மரத்துப்போக மட்டும் ஊசி போட்டு, ஆள் விழித்திருக்கும்போதே டாக்டர் பேச்சுக் கொடுத்துக்கொண்டு தைத்தாராம். முடிந்ததும் நர்ஸின் தோளைப் பிடித்துக்கொண்டு தானே நடந்து வெளியே வந்தார். என்னைப் பார்த்து, "பாத்தியா, வாயுதான்" என்றார். செருப்பைக் கழற்றாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் பார்வை நேரத்தில் போனபோது அவர் கட்டிலில் இல்லை. கீழே சாப்பாட்டு மேஜையில், புதிதாகச் சேர்ந்த எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவர் இலையைத் தொடாமல் இருந்தார். அவருக்கு எதிரே என் வீட்டுக்காரர். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். பெருமை அடிக்கப்போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

"பயமா இருக்கத்தான் வே செய்யும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "நான் நேத்து ஓடியே போயிட்டேன். எம்பொண்டாட்டி இழுத்துட்டு வந்தா. அவ வரலேன்னா என் கயிறு என் இடுப்புலதான் கிடந்திருக்கும். பொறவு ஒருநா குடலு சிக்கி நான் செத்தா, அவ கழுத்துத் தாலிக் கயித்தையும்லா அறுத்திருப்பாவ. அது எனக்கு நேத்து தோணவே இல்ல வே."

ஆறு வாரம் நான் தொண்டை கிழியக் கத்தியது இந்த ஒன்றுக்குத்தான். அதை என்னிடம் சொல்ல வாய் வராமல், முன்பின் தெரியாத ஒருவரிடம் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அழுதுகொண்டே அங்கேயே நின்றேன்.