ஆடியில் விழுந்த கல்யாணம்

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீடு. பதினேழு பங்காளிகளுக்குப் பொது. ஆளுக்கொரு திசையாகச் சென்னை, சிங்கப்பூர், அமெரிக்கா என்று இருக்கிறார்கள். வீட்டுப் பொறுப்பைப் பார்க்கும் ஓரிருவர் தவிர, வருஷம் முழுக்க யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் என்றால் மட்டும் எல்லோருக்கும் அந்த வீடுதான் வேண்டும். யாருக்கு எந்த நாள் என்ற சண்டையைத் தீர்க்க, காரைக்குடியில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்த என்னைப் பிடித்தார்கள். கல்யாணம் இல்லாத நாட்களில் சுற்றுலாக்காரர்களுக்கு அறை விடவும் அதே புரோகிராம்தான்.

அந்த வீட்டில் நாள் குறிக்கும் நோட்டை வைத்திருந்தவர் பள்ளத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் ஓர் அக்கா. புருஷன் இல்லை. ஒரே மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் வேலை போனால் மகளின் படிப்பும் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரியாமல் செய்துவிட்டான் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

கம்ப்யூட்டருக்குத் தேதி என்பது வெறும் எழுத்து. 08/02 என்று அடித்தால் எது நாள், எது மாதம் என்று நாம்தான் சொல்லித் தர வேண்டும். நான் சொல்லித் தரவில்லை. இணையத்தில் கிடைத்த நாலு வரியை அப்படியே எடுத்து ஒட்டினேன். அது அமெரிக்க வழக்கம்: முதலில் மாதம், பிறகு நாள். 23/01 என்று அடித்தால், இருபத்து மூன்றாவது மாதம் கிடையாது என்பதால் அப்போது மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளும். நான் என் பிறந்த தேதியைப் போட்டுச் சோதித்தேன். பிறந்தது இருபத்தேழாம் தேதி. சரியாக வந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

அமெரிக்கப் பங்காளி ஒருவர் மகளுக்குப் பிப்ரவரி எட்டாம் தேதி முகூர்த்தம் என்று வீடு கேட்டார். அக்கா வழக்கம்போல நோட்டில் தை மாதம் என்று எழுதிக்கொண்டு, கம்ப்யூட்டரில் 08/02 என்று அடித்தார். புரோகிராம் அந்தக் கல்யாணத்தை ஆகஸ்ட் இரண்டில், அதாவது ஆடி மாதத்தில், கொண்டுபோய் வைத்தது.

அடுத்த வாரம் நான் அங்கே போயிருந்தேன். வீட்டுப் பொறுப்பைப் பார்க்கும் பங்காளியும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா என்னிடம் வந்து, "தம்பி, ஆடியில ஒரு கல்யாணம் காட்டுது. நம்ம பக்கம் ஆடியில யாரு கல்யாணம் வப்பாக? இது தையில உள்ளது. என்னமோ மாறிப்போச்சு, பாருங்க" என்றார்.

நாலு பேர் முன்னால் என் புரோகிராமைக் குறை சொன்னதில் எனக்குச் சுருக்கென்றது. "அக்கா, பஞ்சாங்கம் பாக்குறதும் புரோகிராம் எழுதுறதும் ஒண்ணு இல்ல. உங்களுக்குத் தெரிஞ்ச வேலையை மட்டும் பாருங்க" என்றேன். உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. முன்பதிவுப் பட்டியலைத் திறந்து காட்டினேன். அதில் அவர் அடித்த 08/02 அடித்தபடியே தெரியும். அவர் சொன்ன ஆடி மாதப் பக்கத்தை நான் திறக்கவே இல்லை.

தை வந்தது. பிப்ரவரி எட்டு காலி என்று காட்டியதால், மொத்த வீடும் இணையம் வழியாக ஒரு சுற்றுலாக் கூட்டத்துக்குப் போயிருந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் சமையல்காரர்கள் அண்டாக்களோடு வந்து இறங்கியபோது உள்ளே வெள்ளைக்காரர்கள் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்ணைப் பெற்றவர் சொந்த வீட்டு வாசலில் நின்று அழுதார். ஊர் எல்லையில் காலியாகக் கிடந்த சின்ன மண்டபம் ஒன்றில் கல்யாணம் நடந்தது.

கல்யாணம் முடிந்த மறுநாள் விசாரணை. பொறுப்புப் பங்காளி நோட்டைக் கேட்டார். தை என்றுதான் இருந்தது. "நோட்டில் சரிதான். அடிக்கும்போது மாற்றி அடித்திருக்கிறார்" என்றேன். அடித்தது அடித்தபடியே காட்டும் அந்தப் பட்டியலை இந்த முறை நான் திறக்கவில்லை. அன்று காலையிலேயே அந்த நாலு வரியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

"நான் சரியாத்தான் அடிச்சேன். தம்பிகிட்ட அப்பவே சொன்னேன். நீங்களும் இருந்தீக" என்றார் அக்கா, பொறுப்புப் பங்காளியைப் பார்த்து.

சொன்னது நினைவிருக்கிறது என்றால் சிரித்ததும் நினைவிருக்க வேண்டும். பழியில் தனக்கும் பங்கு வந்துவிடும். அந்தப் பெரிய மனிதர் நினைவில்லை என்றார். பிறகு என்னைப் பார்த்தார். மெஷின் பொய் சொல்லாது என்றேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டார்கள்.

அந்த வரிகளை அன்றைக்கே திருத்தினேன். கூடவே, ஆடியிலோ மார்கழியிலோ கல்யாணம் விழுந்தால் "இது சரிதானா?" என்று கேட்கும்படி ஒரு வரி சேர்த்தேன். பங்காளிகள் அசந்துபோனார்கள். நம் வழக்கம் தெரிந்த பிள்ளை என்று அடுத்த கல்யாணத்தில் எனக்குச் சால்வை போட்டார்கள். போர்த்திக்கொண்டேன். அக்காவின் மகள் படிப்பை நிறுத்திவிட்டு ஜவுளிக்கடையில் நிற்கிறாள் என்று அந்தப் பந்தியில்தான் கேள்விப்பட்டேன். சாப்பாட்டை மிச்சம் வைக்காமல்தான் எழுந்தேன்.

போன மாதம் பள்ளத்தூர் பஸ் நிறுத்தத்தில் அக்காவைப் பார்த்தேன். ஒதுங்கப் பார்த்தேன், முடியவில்லை. அவராகவே வந்து என் அம்மாவின் கால்வலியை விசாரித்தார். பிறகு, "அந்தக் கம்ப்யூட்டருக்கு இப்ப ஆடி எது, தை எதுன்னு தெரியுதா தம்பி?" என்று கேட்டார்.

தெரிகிறது என்றேன்.

பஸ் வந்தது. ஏறப் போனவர் படியில் காலை வைத்துக்கொண்டு திரும்பினார். "நல்லது. இப்ப அங்க உக்காந்து அடிக்கிற பிள்ளைக்காச்சும் வேலை நிலைக்கட்டும்" என்றார்.