கலியாணப் பூசைக்கு ஒரு போத்தல்

போன கிழமை எனக்கு ஒரு சின்ன வேலை வந்தது. ஒரு மிடறு வைன் குடிக்க வேண்டும். குடித்துவிட்டு, நல்லதா பழுதா என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

இதற்குப் போயா நித்திரை இல்லாமல் கிடந்தாய் என்று கேட்காதீர்கள். முழுவதையும் கேட்டுவிட்டுப் பிறகு சிரியுங்கள்.

நெடுந்தீவில் என் அக்கா மகள் ஜெசிந்தாவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை அன்ரனுக்கு சவூதியில் வேலை. விசா முடியப் போகிறது. சண்டை நேரம், கடலில் எப்போது படகு விடுவார்கள், எப்போது மறிப்பார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. நான் போய் இறங்கிய படகுக்குப் பிறகு வேறு படகு வரவில்லை. அடுத்த படகு வந்த உடனே அன்ரன் அதில் ஏறிவிட வேண்டும். ஆகவே அது வருவதற்குள் கலியாணத்தை முடிப்பது, சனிக்கிழமை காலையிலேயே என்று தீர்மானித்தார்கள்.

அன்று பின்னேரம் பங்குச் சுவாமியார் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருந்தார். தேத்தண்ணீர் குடித்தார். பிறகு சொன்னார்.

"பூசை வைன் முடிஞ்சு போச்சு."

ஆயர் இல்லத்திலிருந்து அனுப்பிய பெட்டி குறிகட்டுவான் துறையிலேயே தங்கிவிட்டது. நான் வந்த படகில் அவ்வளவு சனம். பெட்டிக்கு இடமில்லை. படகு வந்தால் வைன் வரும். ஆனால் படகு வந்தால் மாப்பிள்ளை போய்விடுவார். வைன் இருந்தால் மாப்பிள்ளை இல்லை, மாப்பிள்ளை இருந்தால் வைன் இல்லை... இப்படி ஒரு முடிச்சை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

"பூசை இல்லாமலும் கட்டி வைக்கலாம்," என்றார் சுவாமியார். "திருச்சபை அனுமதிச்சதுதான். வார்த்தைப்பாடு குடுத்து, தாலி ஆசீர்வதிச்சுக் கட்டினால் கலியாணம் கலியாணம்தான்."

ஜெசிந்தாவின் தாய் திரேசக்கா கதிரையை விட்டு எழும்பிவிட்டாள்.

"சுவாமி, என்ரை பிள்ளை வேறை சமயத்து ஆளையோ கட்டுறாள்?"

அக்காவின் பயம் எனக்கு விளங்கியது. கத்தோலிக்கரான எங்கள் வேதக்காரர் நடுவில் பூசை இல்லாத கலியாணம் என்றால் ஊர் இரண்டு காரணம்தான் நினைக்கும். ஒன்று, மாப்பிள்ளை வேறு சமயம். மற்றது, பெண்ணுக்கு அவசரம், வயிற்றில் பிள்ளை. அன்ரன் கோயிலில் பூசைக்கு உதவுகிற சங்கிலித்தாம் குடும்பம், ஊருக்கே தெரிந்த கத்தோலிக்கன். அப்படியென்றால் மிச்சம் என்ன? அவன் படகேறிப் போய்விடுவான். அந்தக் கதையைச் சுமந்துகொண்டு வருஷக்கணக்காய் ஊரில் இருக்கப் போவது ஜெசிந்தா. அவள் குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அக்கா விறுவிறென்று உள்ளே போய் அலுமாரியைத் திறந்தாள். சாறிகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தது ஒரு கறுத்தப் போத்தல்.

அத்தான் கப்பலில் ஸ்ருவேட், சாப்பாடு பரிமாறுகிற வேலை. போத்துக்கல் நாட்டுத் துறைமுகம் ஒன்றில் வாங்கிய போட் வைன் அது. ஜெசிந்தா பிறந்த வருஷத்துத் திராட்சையில் செய்தது. "இவளின்ரை கலியாணத்தண்டைக்கு உடைப்பம். அதுவரைக்கும் படுத்தபடி கிடக்கட்டும், அசைக்கக் கூடாது" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனவர். இப்போது மகள் கலியாணத்துக்கென்று கப்பலால் இறங்கி ஓடி வந்தும், பாதை இல்லாமல் கொழும்பிலேயே நிற்கிறார்.

சுவாமியார் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"திராட்சைதானே, சரி. சாராயச் சத்துக் கொஞ்சம் கூட. அதுக்கு ஆயரிட்டை நான் பதில் சொல்லுறன். ஆனால் புளிச்சு வினாகிரியாப் போயிருந்தால் என்னாலை ஒண்டும் செய்ய ஏலாது. வினாகிரியிலை பூசை இல்லை."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீர் கொழும்பிலை பெரிய ஹோட்டலிலை இருந்தனீரெல்லோ. நீர்தான் பாத்துச் சொல்ல வேணும்."

இருந்தேன்தான். எண்பத்து மூன்று கலவரம் வரைக்கும் பார் கணக்குப் பகுதியில். பழைய போட் வைனை எப்படித் திறக்கிறார்கள், எப்படி மெழுகுதிரி வெளிச்சத்தில் வடிக்கிறார்கள், எப்படி மணந்து பார்க்கிறார்கள் என்று தூர நின்று பார்த்திருக்கிறேன். இரண்டொரு தடவை மிச்சத்தில் ஒரு சொட்டு ருசித்திருக்கிறேன். அதற்குப் பெயர் அனுபவமா? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

"நீங்களே குடிச்சுப் பாருங்கோவன் சுவாமி."

"எனக்கு ஆயர் இல்லத்து வைன் ஒண்டுதான் தெரியும். அது எப்பவும் ஒரே மாதிரித்தான் இருக்கும்."

"இப்பவே பாத்துச் சொல்லு தம்பி," என்றாள் அக்கா. சொன்னவள் போத்தலின் கழுத்தைப் பிடித்து, இருமல் மருந்தைக் குலுக்குவது போல நாலு குலுக்குக் குலுக்கி என்னிடம் நீட்டினாள்.

அத்தனை வருஷமாய் ஓரத்தில் படிந்து கிடந்த மண்டி முழுக்கக் கலங்கிவிட்டது.

"ஏனக்கா குலுக்கினனீ?"

"குலுக்காட்டில் சத்தெல்லாம் அடியிலை எல்லோ நிண்டுடும்?"

அவளை என்ன சொல்வது? பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற ரொனிக்கைத் தவிர வேறு வைன் அவள் கண்டதில்லை. போத்தலை நிமிர்த்தி வைத்தேன், மண்டி அடியில் இறங்கட்டும் என்று.

"அப்ப எப்ப திறக்கிறது?"

"கலியாணத்தண்டைக்குக் காலமைதான். இப்ப திறந்தால் காத்துப் படும். இந்த வெக்கையிலை சனிக்கிழமைக்கிடையிலை பழுதாப் போனாலும் போகும்."

"அப்ப நல்லதோ கூடாதோ எண்டு அதுவரைக்கும் தெரியாதோ?"

தெரியாது. திறந்து பார்த்தால்தான் தெரியும், திறந்துவிட்டால் தாங்காது. நெருப்புக் குச்சி நல்லதா என்று உரசிப் பார்க்கிற மாதிரித்தான்.

யோசித்துப் பார்த்தால் இந்த நாட்களில் எங்கள் எல்லாக் காரியமும் இப்படித்தான் நடக்கிறது. பஸ் ஓடுமா? ஏறிப் பார்த்தால் தெரியும். பரீட்சை நடக்குமா? போய் இருந்து பார்த்தால் தெரியும். முன்கூட்டியே நிச்சயமாகத் தெரிந்துகொண்டு ஒரு காரியம் செய்து எத்தனை காலம்? ஆனாலும் செய்துகொண்டுதான் இருக்கிறோம். வேறு வழி?

கலியாண வேலைகள் நடந்தன. ஆடு வெட்டினார்கள். பலகாரம் சுட்டார்கள். வானத்தில் ஹெலிச் சத்தம் கேட்டால் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள், நான் மட்டும் போத்தலைப் பார்த்தேன். அக்கா போகும்போதும் வரும்போதும் "நல்லாத்தான் இருக்கும், என்ன?" என்று கேட்டாள். "ஓம்" என்றேன். அது வினாகிரியாய் இருந்து நான் நல்லதென்று சொல்லிவிட்டால் பூசையே பிழை. நல்லதாய் இருந்து நான் பழுதென்று சொல்லிவிட்டால் பிள்ளையின் வாழ்க்கையில் ஒரு கறை. என்ன வேலை இது?

சனிக்கிழமை. பீடத்துக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறை. சுவாமியார், அக்கா, நான். கோயிலுக்குள் சனம் நிறைந்துவிட்டது. ஜெசிந்தா வாசலுக்கு வந்துவிட்டாள் என்று யாரோ வந்து சொன்னார்கள்.

தக்கை திருகி எடுக்கிற சாமான் தீவில் எவரிடமும் இல்லை. ஸ்குரூ ஆணி ஒன்றைத் தக்கைக்குள் இறக்கிக் குறட்டால் இழுத்தேன். பாதி வந்தது. மற்றப் பாதி உக்கிப் போய் உள்ளே விழுந்துவிட்டது. அக்கா "யேசுவே" என்றாள்.

பீடத்து மெழுகுதிரி ஒன்றைக் கொளுத்தி வைத்தேன். சாடியின் வாயில் அக்கா தந்த புதுக் கைலேஞ்சியைப் போட்டு, மெழுகுதிரிக்கு முன்னால் போத்தல் கழுத்தைப் பிடித்து, மண்டி வருகிறதா என்று பார்த்துப் பார்த்து மெதுவாகச் சாய்த்தேன். கொஞ்சத்தைக் கிளாசில் விட்டு மணந்தேன்.

பூச்சி உருண்டை. வேறு ஒரு மணமும் இல்லை, சுத்தமான பூச்சி உருண்டை.

இத்தனை வருஷமும் அலுமாரிக்குள் கிடந்து, அந்த மணம் முழுக்கத் தக்கை வழியாக இறங்கிவிட்டதாக்கும் என்று நினைத்தேன். முடிந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லாமலே அழத் தொடங்கிவிட்டாள்.

எனக்கு வேர்த்துக் கொட்டியது. துடைக்க எதுவும் இல்லை. சாடியில் கிடந்த லேஞ்சியை எடுத்து முகத்துக்குக் கொண்டு போனேன். அதே பூச்சி உருண்டை. லேஞ்சியும் அதே அலுமாரிதானே.

"சுவாமி, வேறை துணி இருக்கோ?"

அவர் பீடத்தில் பாவிக்கிற வெள்ளைத் துணி ஒன்றைத் தந்தார். "கறை போகாது சுவாமி," என்றேன். "போகாட்டிப் போகட்டும். நீர் வாரும்," என்றார். வேறு சாடி, வேறு கிளாஸ். மறுபடியும் மெழுகுதிரி.

இந்த முறை மணந்தபோது நத்தார் கேக்குக்கு ஊற வைத்த முந்திரிகை வற்றல் வந்தது. அதற்குப் பின்னால் கொஞ்சம் பனங்கட்டி, கொஞ்சம் புகையிலை. நிறம் கறுப்பல்ல, ஓரத்தில் செங்கல் நிறம் ஓடியது. வாயில் விட்டேன். இனிப்பு. பிறகு ஒரு சூடு தொண்டையால் இறங்கியது. கடைசியில் ஒரு சின்னக் கசப்பு நின்றது. புளிப்பு வருமா, வருமா என்று காத்திருந்தேன். வரவில்லை.

"நல்ல வைன் சுவாமி. பழுதாகேல்லை."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். ஆர்மோனியம் தொடங்கியது.

சுவாமியார் பாத்திரத்தை உயர்த்தியபோது நானும் அழுதேன், மறைப்பானேன்? தகப்பன் வரவில்லை. தகப்பன் வாங்கின வைன் பீடத்துக்கு வந்துவிட்டது. ஜெசிந்தாவுக்கும் அன்ரனுக்கும் அந்தப் பாத்திரத்திலேயே குடிக்கக் கொடுத்தார்கள். அவள் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் முழந்தாளில் இருந்தாள்.

திங்கட்கிழமை படகு வந்தது. நானும் அன்ரனும் ஏறப் போகிறோம், ஆயர் இல்லத்துப் பெட்டி இறங்குகிறது. ஜெசிந்தா துறையில் நின்றாள். "அப்பாவைக் கண்டால் நல்லாயிருந்தது எண்டு சொல்லுங்கோ மாமா," என்றாள்.

அக்கா மட்டும் என்னை ஒரு பக்கமாய் இழுத்தாள்.

"ஊரிலை பிள்ளையைப் பற்றி ஒரு கதையும் இல்லையடா. கதை முழுக்க உன்னைப் பற்றித்தான்."

"என்னைப் பற்றியோ?"

"மருமகளின்ரை கலியாணத்திலை எல்லாரும் நன்மை எடுக்க நீ மட்டும் வாங்கிலிலை இருந்தனியாம். அப்பிடி என்ன பாவம் செய்தவன் எண்டு கேக்கினம்."

நன்மை, அதாவது நற்கருணை, எடுப்பதற்கு முன் ஒரு மணித்தியாலம் ஒன்றும் வாயில் படக்கூடாது என்பது உங்களில் வேதக்காரருக்குத் தெரியும். சரி, உண்மையைச் சொல்லிவிடு என்று அக்காவிடம் சொல்லலாம்தான்... "அவன் பூசைக்கு முன்னமே கோயிலுக்குள்ளை குடிச்சிட்டான்" என்றா?