வண்டியை விட்டு இறங்காத சித்தி

எங்கள் சித்தியை வழியில் மறந்துவிட்டுப் போன கதையை எங்கள் குடும்பம் ஒவ்வொரு நீண்ட விடுமுறைக்கும் ஒரு முறை நடித்துக் காட்டும். எல்லோரும் உள்ளூரிலேயே இருக்கும் பெரியப்பா வீட்டில் கூடுவோம். முதல் நாள் சாப்பிட்டு முடித்து, கழுவாத கை காய்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் யாராவது ஒருவர், "அந்த ஏரிக்குப் போனோமே, ஞாபகம் இருக்கா?" என்று ஆரம்பிப்பார். மறக்க விட்டால்தானே!

கதாநாயகன், வில்லன், பின்னணி இசை எல்லாமே சித்தப்பாதான். மிக்ஸி, ஃபேன் என்று மோட்டார் உள்ள எதையும் பிரித்துப் போட்டு ரிப்பேர் பார்ப்பது அவர் தொழில். அவர் வாய்க்கு மட்டும் இதுவரை ரிப்பேர் வந்ததில்லை.

கதை இதுதான். இரண்டு வண்டிகள். பெரியப்பாவின் கார் முன்னால், சித்தப்பா ஓட்டிய வாடகை வேன் பின்னால். நடுவழியில் ஒரு பெட்ரோல் பங்க். எல்லோரும் இறங்கி, டீ குடித்து, ஏறிக் கிளம்பிவிட்டார்கள். சித்தி மட்டும் பங்க்கின் பின்பக்கம் பாத்ரூமில் இருந்தாள். காரில் இருந்த பெரியம்மாவும் அம்மாவும், 'தங்கச்சி புருஷன்கூட வேன்ல வருவா' என்று நினைத்தார்கள். வேனில் இருந்த புருஷனோ, 'அக்காங்களோட கார்ல போயிருப்பா' என்று நினைத்தார். ஏரிக்கரையில் விரிப்பு விரித்து, தட்டு வைத்து, எல்லோரும் உட்கார்ந்த பிறகு பார்த்தால் ஒரு தட்டு மிச்சம்.

"அண்ணன் அந்தத் தட்டைத் தூக்கிப் பாக்கறாரு. 'யாருக்குப்பா இது, கூடுதலா இருக்கே?'ங்கறாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'யாரோ தப்பா வச்சிருப்பாங்க, அதுலயும் எனக்கே போடுங்க'ன்னேன்!" என்பார் சித்தப்பா.

சிரிப்பு கூரையைத் தொடும். அப்புறம் எல்லோரும் அலறியடித்துக்கொண்டு பங்க்குக்குத் திரும்பியது, அங்கிருந்த டீக்கடைக்காரர் அவர்களைக் கிழி கிழி என்று கிழித்தது, சித்தி மெத்தை ஏற்றிய லாரியில் இவர்களுக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்தது எல்லாம் வரும். கடைசிக் காட்சியில், இவர்கள் முகம் வெளுத்து வாசலில் வந்து நிற்க, கொடியில் காய்ந்த துணியை மடித்துக்கொண்டே சித்தி கேட்பாள்: "வந்துட்டீங்களா? சாப்டாச்சா?"

இந்த இடத்தில் சித்தியும் சிரிப்பாள். ஒவ்வொரு வருஷமும் அதே இடத்தில், அதே அளவு. அவளே சிரிக்கிறாளே என்று நாங்களும் மனசாட்சிக்குத் தொந்தரவில்லாமல் சிரிப்போம். சம்பவம் நடந்தபோது நான் அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்த சின்னப்பிள்ளை. இந்தக் குடும்பத்தில் நான் நிரபராதியாக இருந்த ஒரே வழக்கு அதுதான்.

அந்த ஏரிப் பயணம் முடிந்த கொஞ்ச நாளில் சித்தி துணிக்கடை வேலையை விட்டுவிட்டு, ஒரு பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனாள். நான் பத்தாம் வகுப்பில் கணக்கோடு சண்டை போட்டுப் பிரிந்தவள். இப்போது அதே பள்ளிக்கு எதிரில் ஜெராக்ஸ் கடையில் நிற்கிறேன். அதனால் சித்தி வேலை செய்வதைத் தினமும் பார்ப்பேன்.

பிள்ளைகள் எல்லாம் இறங்கிய பிறகு, டிரைவர் கதவை மூடக் கையை நீட்டுவார். சித்தி ஒரு கையைத் தூக்கி அவரை நிறுத்திவிட்டு உள்ளே நடப்பாள். ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து, அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டே கடைசி சீட்டு வரை போவாள். "ஆன்ட்டி, அப்படியே எலி இருந்தா அதையும் இறக்கி விட்டுட்டு வாங்க" என்று டிரைவர் கிண்டல் செய்வார். ஒரு நாள் அடியில் துழாவிய கையில் ஒரு குட்டிக் கால் சிக்கியது. பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு ஒரு வாண்டு நல்ல தூக்கம். அதற்கப்புறம் டிரைவர் எலியைப் பற்றிப் பேசுவதில்லை. பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் 'கடைசி சீட்டு ஆன்ட்டி'.

இப்படி நாளெல்லாம் பஸ்ஸில் போகிறவள் எங்களோடு மட்டும் எந்த ஊருக்கும் வரமாட்டாள். "பஸ் சர்வீஸுக்கு விட்டிருக்காங்க, நான் இருக்கணும்" என்பாள். "தலைவலி" என்பாள். ஒரு தடவை, "வண்டியில போனா எனக்கு வாந்தி வரும்" என்றே சொல்லிவிட்டாள். அதையும் நம்பினோம். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் மூளை இல்லை என்று சொல்ல மாட்டேன். விடுமுறையில் அதற்கும் விடுமுறை கொடுத்துவிடுவோம், அவ்வளவுதான்.

இந்த வருஷம் பெரியம்மா விடவில்லை. "ஸ்கூலுக்கும் லீவு, பஸ்ஸுக்கும் லீவு. தலைவலிக்கு என்கிட்ட மாத்திரை இருக்கு. இப்ப என்ன சொல்லப் போற?"

சித்தியின் சாக்குப் பெட்டி காலி. அதே ஏரி, அதே மாதிரி இரண்டு வண்டிகள்.

கிளம்புகிற அன்று காலையில் நான் ஒரு வேலை செய்தேன். யாராவது நிம்மதியாகச் சாப்பிடுவதைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். பெரியப்பாவின் ஆம்லெட்டில் உப்பை அள்ளிக் கொட்டிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் உட்கார்ந்திருந்தேன். அவரோ தட்டை சித்தி பக்கம் நகர்த்தி, "நீ மொதல்ல சாப்பிடும்மா" என்றார்.

சித்தி சாப்பிட்டாள். கடைசித் துண்டு வரை. முகம் சிவந்தது, கண் கலங்கியது, ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, உதட்டை நனைத்துவிட்டு மூடி வைத்தாள். காபியைத் தொடவே இல்லை. அந்த உப்புக்கு ஒரு குடம் தண்ணீர் கேட்டிருக்க வேண்டும். என் தொழிலுக்கே அவமானம் வந்த மாதிரி இருந்தது.

வேனில் வேண்டுமென்றே அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் பாட்டிலை மடியில் பிடித்துக்கொண்டிருந்தாளே தவிர, குடிக்கவில்லை. பாதி தூரத்தில் அதே பெட்ரோல் பங்க் வந்தது. பழைய டீக்கடை இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட புதுக் கடை. எல்லோரும் இறங்கினார்கள். சித்தி இறங்கவில்லை. முழங்கால் இரண்டையும் ஒட்டி வைத்து, முன் சீட்டின் கம்பியைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். அவளுக்கு எவ்வளவு அவசரம் என்பது அந்தக் கையைப் பார்த்தாலே தெரிந்தது.

"சித்தி, இறங்கலையா?"

"எனக்கு எதுக்குடி? நீ போ."

"காலையிலேருந்து ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல நீ. நான் போட்ட உப்புக்கு..."

"நீதானா அது! நான் உங்க அம்மா சமையல்னு நெனச்சு வாயத் தொறக்காம சாப்பிட்டேன்."

"பேச்ச மாத்தாத. ஏன் குடிக்கல?"

"குடிச்சா இறங்கணும்."

"இறங்கினா என்ன?"

சித்தி பங்க்கின் பின்பக்கத்தைப் பார்த்தாள். "இறங்கறது ஒண்ணும் இல்லடி. மறுபடி ஏறணுமே."

"இப்ப யாரு சித்தி உன்ன விட்டுட்டுப் போகப் போறாங்க?"

"அன்னிக்கும் யாரும் விட்டுட்டுப் போகணும்னு போகலையே."

சித்தப்பா இத்தனை வருஷமாக நடித்துக் காட்டாத காட்சியை, சித்தி கம்பியை விடாமலே சொன்னாள்.

"வெளிய வந்து பாத்தா ரெண்டு வண்டியும் இல்ல. பை, போன் எல்லாம் கார்ல. கையில ஈரக் கைக்குட்டை மட்டும். மொதல்ல அழுகை வரல, வெக்கம்தான் வந்துச்சு. குடும்பமே மறந்துட்டுப் போயிடுச்சுன்னு பெட்ரோல் போடறவனுக்குத் தெரிஞ்சா என்ன நெனப்பான்? அதனால யாருக்காகவோ காத்திருக்கற மாதிரி நின்னேன். அப்பப்ப ரோட்ட எட்டிப் பாத்தேன். கையில வாட்ச் கூட இல்ல, ஆனா மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டேன்."

"அப்புறம்?"

"டீக்கடைக்காரர் வந்து, 'யாரும்மா வரணும்?'னு கேட்டாரு. என்னால பதில் சொல்ல முடியல. அப்பத்தான் அழுதேன். சரி, நீ போய் டீ குடி. ஏரிக்குப் போயிட்டா அங்க எல்லாரும் ஒரே இடத்துலதான் இருப்பாங்க, பாத்துக்கலாம்."

ஏரி இன்னும் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

நான் முன் சீட்டுக்குத் தாவினேன். சித்தப்பா எப்போதும் சாவியை வண்டியிலேயே தொங்கவிட்டுப் போகிறவர். அதை உருவிக்கொண்டேன். பெரியப்பா எங்கே போனாலும் மூக்குக்கண்ணாடி, போன், சாவி எல்லாவற்றையும் மேஜைமேல் கடை பரப்புவார். அவர் டீயை ஊதிக் குடிக்கும் நேரம் எனக்குத் தாராளம். திரும்பி வந்து, இரண்டையும் சித்தி மடியில் போட்டேன்.

"என்னடி இது?"

"ஒண்ணு காரு, ஒண்ணு வேன். நிதானமா போயிட்டு வா."

சாவிகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். காதைத் திருகப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். கையை மூடிக்கொண்டு இறங்கினாள். முதலில் மெதுவாகத்தான் நடந்தாள். பாதிக்கு மேல் அதை நடை என்று சொல்ல முடியாது.

கொஞ்ச நேரத்தில் வெளியே கூத்து ஆரம்பித்தது. பெரியப்பா எல்லாப் பாக்கெட்டையும் தட்டிப் பார்த்துவிட்டு, காருக்கு அடியில் குனிந்தார். "கண்ணாடிய நெத்தியில வச்சுக்கிட்டே கண்ணாடி தேடற ஆளு. இவர்கிட்டப் போய் சாவிய நம்பிக் குடுத்தீங்களே" என்றார் பெரியம்மா. "என் சாவியும் காணோம் அண்ணே! வண்டியிலதான் விட்டேன்" என்று சித்தப்பா ஓடிவந்தார். அம்மாவின் பார்வை நேராக என்மேல் வந்து நின்றது.

"ஏய் வாலு, இங்க வா. பாக்கெட்டக் காட்டு."

காட்டினேன். ஒரு ரப்பர் பல்லி, பாதி மிட்டாய். "சத்தியமா என்கிட்ட இல்லம்மா." உண்மை பேசும் வாய்ப்பு எனக்கு அபூர்வமாகத்தான் கிடைக்கும், அனுபவித்துச் சொன்னேன்.

"யாரும் கலையாதீங்க, எல்லாரும் ஒரு இடத்துல நில்லுங்க. இங்கதான் எங்கயாவது இருக்கும்" என்றார் பெரியப்பா. நின்றோம். அம்மா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"தங்கச்சி எங்க?"

"உங்க கார்ல வந்து உக்காரலையா?" என்றார் சித்தப்பா.

"அவ வேன்லதானே வந்தா?" என்றார் பெரியம்மா.

எல்லோரும் அன்றைக்கு மிஞ்சிய தட்டையே பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. சித்தப்பா முகத்தில் ரத்தமே இல்லை. திரும்பி, செருப்பு ஒன்று கழன்று விழுந்ததைக்கூட எடுக்காமல், பங்க்கின் பின்பக்கம் ஓடினார். நாங்களும் பின்னாலேயே ஓடினோம். பெண்கள் பாத்ரூம் வாசலில் நின்றுகொண்டு கதவைத் தட்டினார்.

"ஏம்மா... உள்ள இருக்கியா?"

"இருக்கேன்" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். "மொகம் கழுவிக்கிட்டிருக்கேன். என்ன அவசரம்?"

சித்தப்பா சுவரில் சாய்ந்து மூச்சு விட்டார். "ஒரு அவசரமும் இல்ல, மெதுவா வா" என்றார். அவர் அவ்வளவு சின்னதாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

சித்தி மெதுவாகத்தான் வந்தாள். முகம் கழுவி, தலையை வாரிக் கட்டி, கைக்குட்டையை உதறி மடித்துக்கொண்டு. வாசலில் மொத்தக் குடும்பமும் வரிசையாக நிற்பதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"என்ன, எல்லாரும் எனக்காகவா நிக்கறீங்க?"

அவள் உள்ளங்கையை விரித்தாள். பெரியப்பாவின் சாவி பெரியப்பாவிடம் போனது. எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் யாரும் திட்டவில்லை. அதுதான் கொஞ்சம் பயமாக இருந்தது.

வேன் சாவியை நீட்டியபோது சித்தப்பா வாங்கிக்கொள்ளவில்லை. "உன்கிட்டயே இருக்கட்டும். நீ ஏறினதுக்கு அப்புறம் குடு."

"அப்ப எனக்கு ஒரு டீ. தண்ணியும் வேணும். உங்க வாலு போட்ட உப்பு இன்னும் தொண்டையிலயே நிக்குது."

வீட்டில் இருந்த இடத்தை விட்டு அசையாத மனுஷன் ஒற்றைச் செருப்போடு டீ வாங்கப் போனார். திரும்பி வரும்போது ஒரு கையில் டீ, இரண்டு அக்குளிலும் தண்ணீர் பாட்டில். சித்தி ஒரு பாட்டிலை அண்ணாந்து முழுசாகக் குடித்தாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கே தாகம் தீர்ந்த மாதிரி இருந்தது.

ஏரிக்கரையில் தட்டு வைத்தோம். ஒன்றும் மிஞ்சவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை காய்ந்துகொண்டிருந்தபோது, பழக்க தோஷத்தில் பெரியப்பா, "அந்த ஏரிக்குப் போனோமே..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார். சித்தப்பா தரையைப் பார்த்தார்.

"நான் சொல்றேன்" என்றாள் சித்தி. வாட்ச் இல்லாத மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்ததை அவளே நடித்துக் காட்டினாள். யாரும் சிரிக்கவில்லை. பெரியம்மா மூக்கை உறிஞ்சினார். "இருங்க, இன்னும் முடியல. அந்த லாரியில மெத்தைமேல ஏறிப் படுத்தேன் பாருங்க, கல்யாணம் ஆனதுலேருந்து அப்படி ஒரு தூக்கம் தூங்கினதில்ல. நம்ம தெரு போயி, அடுத்த தெரு போயி, மெத்தைக் கடை வாசல்ல வந்து எழுப்பறாங்க. 'அம்மா, இதோட சேர்த்து உங்களையும் இறக்கணுமா?'ங்கறான்!"

அதற்கு அவள் சிரித்த சிரிப்பு எனக்குப் புதுசு. வருஷாவருஷம் பார்த்த அளவுச் சிரிப்பு இல்லை. சித்தப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பு நிற்கவில்லை. சிரிப்பில் வந்த தண்ணீர்தான் என்று அவர் சொன்னார், நானும் விட்டுவிட்டேன்.

திரும்பும் வழியில் வண்டி நின்ற இடத்திலெல்லாம் சித்தப்பா ஒன்றும் பேசாமல் சாவியை உருவி, பின்னால் நீட்டுவார். சித்தி வாங்கிக்கொண்டு இறங்குவாள். ஒரு இடத்தில் அவளுக்கு எந்த வேலையும் இல்லை. சும்மா இறங்கி, சும்மா ஒரு நடை நடந்துவிட்டு வந்தாள்.

வீடு வந்ததும் எல்லோரும் பைகளோடு இறங்கினார்கள். நான் கடைசி சீட்டுக்கு அடியில் சுருண்டு படுத்து, தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன். சித்தப்பா கதவை மூடப் போகும் சத்தம் கேட்டது.

"இருங்க" என்றாள் சித்தி.

ஒவ்வொரு சீட்டாகக் காலடிச் சத்தம் பின்னால் வந்தது. அடியில் ஒரு கை துழாவி, என் காதைச் சரியாகப் பிடித்து, நன்றாகவே திருகியது.

"இறங்குடி வாலு."