விசிறி இல்லாத கார்டும் எட்டுப் பக்கப் புகாரும்

மே மாதம் ஒன்பதாம் தேதி, பகல் பன்னிரண்டு பத்துக்கு, என் மேசையில் இருந்த மூன்று திரைகளில் இரண்டு அணைந்தன. அவற்றை இயக்கும் கிராபிக்ஸ் கார்டு வாங்கி ஐந்தே நாள்கள் ஆகியிருந்தன. குறையுள்ள பொருளைத் தெரிந்தே என் தலையில் கட்டினார் என்று, அதை விற்றவர்மீது அன்று மாலையே எட்டுப் பக்கங்களில் குற்றம் சாட்டி, கடை முதலாளிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

விற்றவருக்குக் கடையில் காதுக்காரர் என்று பெயர். பூட்டி முடித்த கணினியை இயக்குமுன் உள்ளறையின் மின்விசிறியை நிறுத்துவார், கதவைச் சாத்துவார், பெட்டியின் பக்கத் தகட்டில் இடக் காதை ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். அப்போது யாராவது கூப்பிட்டால் ஒரு விரலைத் தூக்குவார், அவ்வளவுதான். மூக்குக் கண்ணாடியின் உடைந்த காலைச் செப்புக் கம்பியால் கட்டியிருப்பார். பத்தொன்பது ஆண்டுகளாக உள்ளறை மேசை அவருடையது.

நான் விசாரணை ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்குபவன். ஒரு திரையில் ஒலி அலை, ஒன்றில் ஆவணம், ஒன்றில் என் எழுத்து. பழைய கணினியின் இரைச்சலில், சாட்சி ஆமாம் என்றாரா, பெருமூச்சு விட்டாரா என்று தெரியாமல் பத்துமுறை கேட்க வேண்டியிருந்தது.

"கேம் ஆடுவீங்களா? வீடியோ வெட்டி ஒட்டுவீங்களா?" என்று, கார்டு வாங்கப் போன அன்று அவர் கேட்டார். இல்லை என்றேன். "அப்போ எழுத்து வேலைதான். அதுக்கு யானையைக் கட்டித் தீனி போடணுமா சார்?" என்று, மூன்று விசிறிகள் வைத்த செங்கல் பருமன் கார்டை ஓரம் தள்ளினார். விசிறியே இல்லாமல், முதுகு முழுக்க உலோகத் தகடுகளுடன் இருந்த சிறிய கார்டை எடுத்து, அதன் நான்கு இணைப்புத் துளைகளையும் நகத்தால் தொட்டு எண்ணினார். என் திரைகளின் பின்னாலுள்ள துளைகளை வரைந்துவரச் சொல்லியிருந்தார். நான் அளவுகளோடு வரைந்து கொண்டுபோயிருந்தேன். "இதை ஃபிரேம் போட்டு மாட்டலாம் சார்," என்றார்.

கார்டோடு, தன் கையால் எழுதிய தாள் ஒன்றையும் தந்தார். எனக்கு வரும் எந்தத் தாளையும் நான் தொலைப்பதில்லை. தேதியிட்டு, எண்ணிட்டு, உறையிலிட்டுக் கோப்பில் சேர்த்தேன். படிக்கவில்லை. கார்டைப் பூட்டிய கணினிப் பெட்டியில் மிச்சமிருந்த மெல்லிய முனகலும் கேட்கக் கூடாதென்று, பெட்டியை மேசைக்கடி அலமாரிக்குள் தள்ளி, உட்புறம் கம்பளித் துணி ஒட்டிக் கதவைச் சாத்தினேன்.

புகார் கிடைத்த அன்றே முதலாளியம்மா அவரை உள்ளறையிலிருந்து எடுத்து முன்பக்கக் கவுண்டரில் நிறுத்திவிட்டார். அடுத்த விடுமுறை நாளில், யாரும் அனுப்பாமலே, அவர் என் வீட்டுக்கு வந்தார். அலமாரியைத் திறந்து உள்ளே கைவிட்டவர், சூடு தாங்காமல் சட்டென்று வெளியே இழுத்துக்கொண்டார்.

"போர்வை போத்தித் தூங்க வெச்சிருக்கீங்க சார். இந்தக் கார்டு சுத்தி வர்ற காத்துலதான் பிழைக்குது. தாள்ல எழுதியிருந்தேனே?"

கோப்பை எடுத்தேன். பதினான்காம் எண் உறை. 'பெட்டியை மூடிய இடத்தில் வைக்க வேண்டாம்' என்பதுதான் முதல் வரி. பல அலுவலகங்கள் எனக்கு அநீதி செய்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சான்று வைத்திருக்கிறேன். நான் செய்த அநீதிக்கான சான்றும் அந்தக் கோப்பிலேயே இருந்தது.

பெட்டியை வெளியே வைத்து அரை மணி ஆறவிட்டார். மீண்டும் இயக்கியதும் மூன்று திரைகளும் ஒளிர்ந்தன. அவர் முகத்தைப் பார்க்காமல், முதலாளியம்மாவிடம் சொல்வீர்களா என்று கேட்டேன்.

"நான் சொன்னா சால்ஜாப்புன்னுதான் நினைப்பாங்க. நீங்க எழுதினதைப் படிச்சேன் சார். அவ்வளவு கோர்வையா என்னைப் பத்தி யாருமே எழுதினதில்ல."

மூன்று வாரம் நான் ஒன்றும் செய்யவில்லை. எட்டுப் பக்கம் எழுதிய கைக்கு ஒரு பக்கம் வரவில்லை. அவருடைய உள்ளறை மேசைக்கு ஜூன் கடைசியில் வேறொருவர் வரப்போகிறார் என்று தெரிந்த பின்பே முதலாளியம்மாவுக்கு எழுதினேன்: தவறு முழுவதும் என்னுடையது, அவர் பலமுறை எச்சரித்தார், அவரை மீண்டும் அவர் மேசையில் அமர்த்தி, ஏழு நாள்களுக்குள் எனக்கு எழுத்துமூலம் பதில் தர வேண்டும்.

அனுப்புமுன் அவரிடம் காட்டக் கடைக்குப் போனேன். மவுஸ் பேடுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"காதுக்காரரே, இதுல எது சத்தம் போடுதுன்னு கேட்டுச் சொல்லுங்க," என்றாள் பில் போடும் பெண்.

"எல்லாமே உன்னைவிட அமைதிதாம்மா."

கடிதத்தை நின்றபடியே இருமுறை படித்தார். அந்தப் பெண்ணிடம் பேனாவுக்குக் கை நீட்டினார்.

"ஒரு தடவைதான் எழுதிக் கொடுத்தேன் சார். வாயால சொல்லல," என்று, 'பலமுறை' என்பதை அடித்து, மேலே 'ஒருமுறை' என எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பமிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.